வரி வாங்காத கும்பாபிஷேகத்துக்கு என் பணம் வேண்டாம்

என் பிள்ளைகளுக்கும் (என்னிடம் படித்தவர்கள் எல்லாரும் எனக்குப் பிள்ளைகள்தான், தலை நரைத்தவர்களும் சேர்த்து), சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

நாலு நாளாக எனக்குப் போன் மேல் போன். "டீச்சர், உங்களுக்கு என்ன ஆச்சு?" "அத்தை, கோயில் காரியத்துல இப்படிப் பண்ணலாமா?" "பெரியம்மா பெரியார் கட்சியில சேந்துட்டாங்களாமே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எல்லாருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். முப்பத்துமூன்று வருஷம் நான் பேசிக் கேட்டவர்கள், இன்னும் பத்து நிமிஷம் கேட்டால் குறைந்துபோக மாட்டீர்கள்.

விஷயம் இதுதான். திருச்சுழிப் பக்கம் நான் பிறந்த ஊரில் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். நல்ல காரியம். கமிட்டியில் பொருளாளராக இருப்பது என் அண்ணன் மகன். நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தான். தலைக்கட்டுக்கு இரண்டாயிரம் வரி. என்னைப் போலக் கட்டிக்கொடுத்த பெண்களுக்கு வரி கிடையாது, நன்கொடைதான். பென்சன் வாங்குகிறவள் என்பதால் எனக்குப் பத்தாயிரம் என்று அவர்களே முடிவு செய்து பெயரையும் அச்சடித்துவிட்டார்கள். நோட்டீஸின் தலையில் அம்மன் படம், பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு செங்கோல் படம். "இது எதுக்குப்பா?" என்று கேட்டேன். "டெல்லி பார்லிமெண்டுல வச்சிருக்காங்கள்ல அத்தை, அதே மாதிரி ஒண்ணு செஞ்சு நம்ம மண்டபத்துல வைக்கப் போறோம். நீதிக்கு அடையாளம்" என்றான்.

சந்தோஷம் என்றேன். பீரோவைத் திறக்க எழுந்தபோதுதான் அடுத்த பேச்சை எடுத்தான். காலனியில் இருந்து ஏழெட்டுப் பேர் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வந்தார்களாம். நாற்பத்தி மூன்று வீட்டு வரியையும் மொத்தமாக, எண்பத்தாறாயிரம் ரூபாயை, தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்களாம். கமிட்டியில் வாங்கவில்லை. "சாமி கும்பிட வாங்க, யார் வேண்டாம்னா? காசு குடுக்கணும்னா உண்டியல்ல போடுங்க. வரின்னு வாங்கிற வழக்கம் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இதை அவன் வெற்றிச் செய்தி மாதிரிச் சொன்னான். நான் பீரோவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காசு வாங்க மறுப்பது எப்படி அவமானம் ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். நம் பக்கத்தில் வரி என்பது காசு இல்லை, கணக்கு. வரி நோட்டில் பெயர் ஏறினால் அந்தக் குடும்பம் ஊரைச் சேர்ந்தது. வரி கொடுத்தவனுக்குக் கூட்டத்தில் உட்காரப் பாத்தியம் உண்டு. கணக்குக் கேட்கலாம். அம்மன் அவன் தெருவுக்குப் போகலாமா வேண்டாமா என்ற பேச்சில் அவனும் வாய் திறக்கலாம். பொங்கல் பானை வைக்கிற வரிசையில் அவனுக்கும் இடம். உண்டியலில் போடுகிறவனுக்கு இதில் எதுவும் இல்லை. உண்டியல் காசுக்கு முகம் கிடையாது. எங்கள் அப்பா செத்த பிறகு அம்மாவுக்கு அரை வரி என்று ஆக்கினார்கள். கருணை என்று நினைத்துத்தான் ஆக்கினார்கள். அம்மா அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. "அரை ஆளாக்கிட்டாங்கடி" என்பாள். அரை வரிக்கே அப்படி என்றால், வரியே வேண்டாம் என்று தட்டைத் திருப்பி அனுப்பினால்?

"வழக்கம் இல்ல." இந்த இரண்டு வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யார் வாயில் இருந்து வருகிறது! நம் வாயில் இருந்து!

கமுதி இங்கிருந்து தூரம் இல்லை, பஸ்ஸில் போய் வந்துவிடலாம். அங்கே மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயில் இருக்கிறது. 1897 மே மாதம் கமுதி நாடார்கள் சிலர் அந்தக் கோயிலுக்குள் போய்ச் சாமி கும்பிட்டார்கள். குற்றம் அவ்வளவுதான். கோயில் ராமநாதபுரம் ராஜா பரம்பரை தர்மகர்த்தாவாக இருந்த கோயில். அப்போது பாஸ்கர சேதுபதி ராஜா. அவர் கோர்ட்டுக்குப் போனார். இவர்கள் நுழைந்ததால் கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, இனி நுழையக் கூடாது என்று தடை வேண்டும், சுத்தம் செய்யும் சடங்குக்கு ஆகும் செலவையும் இவர்களே தர வேண்டும் என்று வழக்கு. நம் தாத்தாக்களின் கால் பட்ட கல்லைக் கழுவுவதற்கு நம் தாத்தாக்களிடமே கூலி கேட்ட வழக்கு அது. மதுரைக் கோர்ட்டில் தோற்றோம். சென்னை ஹைக்கோர்ட்டில் தோற்றோம். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள், 1908இல் அங்கேயும் தோற்றோம். மூன்று இடத்திலும் நம்மைத் தோற்கடித்தது என்ன? வழக்கம். நீண்ட காலமாக இவர்களை உள்ளே விடும் வழக்கம் இல்லை, அதனால் இப்போதும் உரிமை இல்லை. முடிந்தது கதை.

இதற்கு நடுவே 1899இல் சிவகாசிக் கொள்ளை. அதுவும் கோயில் நுழைவில் தொடங்கிய பகைதான். எத்தனை வீடு எரிந்தது, யார் யார் ஊரைவிட்டு ஓடினார்கள் என்பதை நம் வீட்டுக் கிழவிகள் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். எங்கள் ஆச்சி, பிறக்காத காலத்துச் சம்பவத்தைக்கூடக் கண்ணால் பார்த்தவள் மாதிரிச் சொல்வாள்.

இந்தக் கதையில் எனக்கு எப்போதும் நெருடுகிற இடம் ஒன்று உண்டு. அதே பாஸ்கர சேதுபதிதான் விவேகானந்தர் சிகாகோ போக உதவியவர். 1897 ஜனவரியில் விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கியபோது வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களோடு ஜனமாக ராஜாவும் வண்டியை இழுத்தார். மனிதனுக்குள் தெய்வம் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்ன துறவியின் வண்டி! ஜனவரியில் வண்டி இழுத்த ராஜா, மே மாதத்து நுழைவுக்காக வழக்குப் போட்டார். ராஜாவைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தர்மம் செய்தே கடனாளியானவர், தமிழுக்குச் செய்தவர். வழக்கு முடிவதற்குள் செத்தும் போனார், மகன் பெயரில் தொடர்ந்தது. நான் சொல்வது, நல்ல மனிதரே இப்படிச் செய்ய முடியும் என்பதை. வண்டி இழுப்பதால் ராஜாவுக்குக் கை வலி மட்டும்தான். கோயிலைத் திறந்திருந்தால் கையில் இருக்கிற அதிகாரம் போயிருக்கும். எல்லாரும் முதல் காரியத்தைச் சந்தோஷமாகச் செய்வார்கள்.

மண்டபத்தில் செங்கோல் வைப்பதும் வண்டி இழுக்கிற மாதிரிதான். ஐம்பதாயிரமோ அறுபதாயிரமோ ஆகும், ஆசாரி செய்து கொடுப்பார், எல்லாரும் கைதட்டுவோம். நாற்பத்தி மூன்று பெயரை நோட்டில் எழுத ஒரு பைசா செலவில்லை. ஆனால் அதற்குத்தான் கை வரவில்லை.

டெல்லிச் செங்கோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதைப் பார்த்துத்தானே இது. 1947 ஆகஸ்ட் 14 இரவு திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் கொடுத்தது. சென்னையில் உம்மிடி கடையில் செய்தது. அலகாபாத் மியூசியத்தில் இருந்தது. மவுண்ட்பேட்டன் கை பட்டதா இல்லையா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை, அது சரித்திர ஆசிரியர்கள் பாடு. 2023 மே 28 அன்று புதிய பார்லிமெண்டில் சபாநாயகர் நாற்காலிக்குப் பக்கத்தில் அதை வைத்தார்கள். நம் ஆதீனங்கள் தேவாரம் பாட, டிவியில் பார்த்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். சுந்தரர் பாடிய ஊர்க்காரி நான். திருமேனிநாதர் கோயிலில் ஓதுவார் பாடக் கேட்டு வளர்ந்தவள். டெல்லியில் தமிழ் கேட்டால் சிலிர்க்காதா?

அப்புறம் யோசித்தேன். நாட்டின் முதல் குடிமகள், சந்தால் பழங்குடியில் பிறந்து, ஆசிரியையாக வேலை பார்த்து அந்த இடத்துக்கு வந்த திரௌபதி முர்மு, அந்த விழாவில் எங்கே? ஜனாதிபதியும் இரண்டு சபைகளும் சேர்ந்ததுதான் பார்லிமெண்ட் என்று நான் ஐந்தாம் வகுப்புக்கே நடத்தியிருக்கிறேன். அரசியல் சட்டம் 79ஆம் பிரிவு. அவர் திறந்து வைக்கவில்லை, அவர் மேடையிலும் இல்லை. வாழ்த்துச் செய்தியை வேறு ஒருவர் வாசித்தார். அதே நாள், அதே டெல்லியில், பாலியல் புகாருக்கு நியாயம் கேட்டு அந்தக் கட்டிடத்தை நோக்கி நடந்த மல்யுத்தப் பெண்களைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போனது. நீதிக்கு அடையாளமான கோல் உள்ளே போகிறது, நீதி கேட்ட பெண்கள் வேனுக்குள் போகிறார்கள். இதைச் சொன்னால் நான் கட்சிக்காரி ஆகிவிடுவேனா? எந்தக் கட்சி ஆட்சியாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். நம் மாநிலத்துக்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம், உங்களுக்கும் கீழே வைத்திருக்கிறேன்.

நம் அரசியல் சட்டம் எழுதினவர்கள் சாமி கும்பிடாதவர்கள் இல்லை. பெரும்பாலும் பக்திமான்கள். 1949 அக்டோபர் 17 அன்று முகவுரையைக் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. 'இந்திய மக்களாகிய நாம்' என்றே நின்றது. அந்த 68 பேரும் நாத்திகர்களா என்ன? நாம் எல்லாரும் என்று சொன்னால்தான் கும்பிடுகிறவன், கும்பிடாதவன், வாசலுக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவன் எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்குவான் என்பதால்தான். வரி நோட்டுக்கும் இதே 'நாம்'தான். யார் யார் நாம் என்பதுதான் கேள்வி.

இனி என் பங்குக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொன்னால் நான் வாத்தியார் இல்லை.

2012 சுதந்திர தினம். நான் தலைமை ஆசிரியை. பள்ளி இருந்த பஞ்சாயத்து அந்தத் தடவை தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு ஒதுக்கீடு. தலைவராக ஜெயித்து வந்தவர் காலனியைச் சேர்ந்த அம்மா, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். முறைப்படி அவர் கொடியேற்ற வேண்டும். முதல் நாள் ராத்திரி துணைத் தலைவர் வீட்டுக்கு வந்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. காபி குடித்தார். "அந்தம்மா ஏத்துனா ஊர்ப் பிள்ளைங்க ஸ்கூலுக்கு வராது டீச்சர். உங்களுக்கு எதுக்குப் பிரச்சினை?" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் கொடிக் கயிற்றை நான் அவர் கையில் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன், வேறு யாரும் இல்லை. தலைவர் அம்மா புதுச் சேலை கட்டி வந்திருந்தார். கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்தார். பிறகு, "நான் மிட்டாய் குடுக்குறேன் டீச்சர்" என்று தட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். என்னைச் சங்கடத்தில் இருந்து காப்பாற்றினார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "டீச்சர், தலைவர்னா கனகா பெரியம்மாதான?" என்று கேட்டது (பெயரை மாற்றியிருக்கிறேன்). "வரிசையில் நில்" என்று அதட்டினேன். அந்தப் பிள்ளை இப்போது பெரியவளாகி இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உன் கேள்விக்குப் பதில்: ஆமாம்மா, அவங்கதான். நீ கேட்டது சரி. நான் செய்தது தப்பு.

நான் மட்டும்தான் என்று நினைத்துப் பல நாள் தூங்கவில்லை. ஆனால் பத்து வருஷம் கழித்து, 2022 ஆகஸ்டில், தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுதினார். பட்டியலினப் பஞ்சாயத்துத் தலைவர்கள் கொடியேற்றுவதற்கு யாரும் தடை செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. சுதந்திரம் வாங்கி 75 வருஷம் ஆன நாளுக்கு எழுதிய கடிதம்! சமூக நீதி பிறந்த மண் என்று மேடைக்கு மேடை பேசுகிற நம் தமிழ்நாட்டில். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பஞ்சாயத்துத் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு சேர்ந்து நம் ஊர்ப் பெயரும் பேப்பரில் நாறியது. ரிசர்வ் பஞ்சாயத்து என்று 1996இல் ஆக்கியதில் இருந்து 2006 வரை முறையான தேர்தல் நடத்த விடவில்லை. பத்து வருஷம் ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தார்கள், அதில் அவர்கள் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக. மேலவளவில் 1997இல் தலைவர் முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் வெட்டியே கொன்றார்கள். செங்கோலைக் கையில் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கொடிக் கயிறு, நோட்டில் ஒரு வரி எழுத்து. இவ்வளவுதான் கேட்கிறார்கள்.

இப்போது நீங்கள் போனில் சொன்னவற்றுக்கு வருகிறேன்.

"காலனிக்குத் தனிக் கோயில் இருக்கே" என்றான் ஒரு மருமகன். கமுதியிலும் இதைத்தான் சொன்னார்கள், உங்களுக்கு வேறு கோயில் இருக்கிறதே என்று. அப்போது நமக்கு ஏன் வலித்தது?

"நாமளும் அடிபட்டுத்தான் மேல வந்தோம், யாரும் நமக்கு வழி விடல. மகமை போட்டுப் பள்ளிக்கூடம் கட்டினோம். அவங்களும் அப்படி வரட்டும்." இது என் சொந்தத் தம்பி சொன்னது. உண்மைதான், மகமையை நானும் பெருமையாகத்தான் சொல்வேன். ஆனால் தம்பி, மகமை போட நமக்குப் பேட்டை இருந்தது, கடை இருந்தது. லண்டன் வரை வழக்காடப் பணம் இருந்தது. அடுத்தவன் புஞ்சையில் கூலிக்குக் களை எடுத்தவனுக்கு மகமை எதில் இருந்து வரும்? இத்தனைக்கும் இப்போது அவர்கள் சொந்தக் காசு எண்பத்தாறாயிரத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நீ சொன்ன மாதிரியேதான் வந்தார்கள். நீங்கள்தான் வாங்கவில்லை.

நமக்கு யாரும் வழி விடவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. நம்மவர்கள் அடுத்தவர்களுக்கு வழி விட்டதும் உண்டு, அதைத்தான் மறந்துவிட்டோம். சென்னைக்குப் போனால் பாண்டி பஜாரில் துணி எடுக்கிறீர்களே, அந்தப் பாண்டி யார்? டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டவர். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துப் போனாரே, கக்கன் உட்பட ஐந்து பேர், அவர்களோடு போன ஆறாவது ஆள் சண்முக நாடார். 1908இல் லண்டனில் நமக்குச் சாத்திய கதவு, 1939இல் அவர்களோடு சேர்ந்து போனபோதுதான் திறந்தது. தனியாகப் போனபோது திறக்கவில்லை. அந்தக் கதவில் பாதி அவர்களுடையது.

அடையாளமே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. காமராஜர் 1954இல் மந்திரிசபை அமைத்தபோது அறநிலையத் துறையை யாரிடம் கொடுத்தார்? தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த பரமேஸ்வரனிடம். எந்த வாசலுக்கு வெளியே அவர்களை நிறுத்தினார்களோ, அந்த வாசலில் அவருக்குப் பூரண கும்பம் கொடுக்க வேண்டும். அதுவும் அடையாளம்தான். ஆனால் அதில் ஒருவன் கைக்கு அதிகாரம் போனது. வீட்டு ஹாலில் காமராஜர் படம் மாட்டியிருக்கிற கமிட்டிக்காரர்கள் இதையும் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

"டீச்சர் நாத்திகம் பேசுறாங்க" என்றவர்களுக்கு: ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போகாத வருஷம் எனக்குக் கிடையாது. அங்கே மொட்டை போடுகிற வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர் யார், பின்னால் நிற்பவர் யார் என்று ஒரு தடவையும் நான் கேட்டதில்லை. மாரியும் கேட்டதாகத் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். தீண்டாமை எந்த வடிவத்திலும் கூடாது என்பது 17ஆம் பிரிவு. 'எந்த வடிவத்திலும்' என்ற சொல்லைக் கோடு போட்டுப் படியுங்கள். நான் போலீசுக்கும் போகவில்லை, கலெக்டருக்கும் மனுப் போடவில்லை. காலனிக்காரர்கள் போனால் தடுக்கவும் மாட்டேன், என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் கேட்டதைச் சொல்வேன். அண்ணன் மகனிடம் இதை நேரிலேயே சொல்லிவிட்டேன். அவன் நல்ல பையன். கோபத்தில் சாப்பிடாமல் போய்விட்டான், அதுதான் எனக்கு வருத்தம்.

பத்தாயிரம் ரூபாய் அப்படியே பாங்கில் இருக்கிறது. கோயிலுக்கு என்று நினைத்த பணத்தை வேறு செலவுக்கு எடுக்க மாட்டேன். கால்நாட்டு ஆவணி முதல் வாரம். அதற்கு முன்னால் இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கமிட்டியார் வரி நோட்டை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போங்கள். அவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி வர வேண்டாம், இந்தத் தடவை நாம் போக வேண்டும். நானும் வருகிறேன். முட்டி வலி இருக்கிறது, ஆட்டோ வைத்துக்கொண்டு வந்துவிடுவேன். நாற்பத்தி மூன்று ரசீதையும் நானே எழுதித் தருகிறேன். அந்தப் பெயர்களில் முக்கால்வாசி என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் நான் எழுதிய பெயர்கள்தான், எழுத்துப் பிழை வராது.